கைரேகை மட்டும் அவனுடையது

கேள்வி: தஞ்சாவூரிலிருந்து கல்யாணமாகி தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வந்து 25 வருடம் ஆகிறது அம்மா. கணவர் தவறி ஏழு வருடம். ஒரே மகன், வயது 23. கனடாவில் ஒரு காலேஜில் இடம் கிடைத்திருக்கிறது. ஸ்டூடண்ட் பெர்மிட்டுக்காகப் போலீஸ் கிளியரன்ஸ், அதாவது குற்றப் பதிவு உண்டா இல்லையா என்று சொல்லும் சர்டிபிகேட், வாங்கினோம். நான் கடைக்கு ஒரு நாள் லீவு போட்டு, காலை ஏழு மணியிலிருந்து ஸ்டேஷன் வரிசையில் நின்று, முறை வந்ததும் போன் செய்தேன். அவன் வந்து கைரேகை வைத்துவிட்டுப் போனான். இப்போது வந்திருக்கும் சர்டிபிகேட்டில் அவன் பெயரில் ‘அசால்ட் (தாக்குதல்), 500 ரேண்ட் அபராதம்’ என்று ஒரு தண்டனை போட்டிருக்கிறது. இரண்டு வருடம் முன்பு ஒரு கல்யாண வரவேற்பு முடிந்து வெளியே வரும்போது வாய்ச்சண்டை, கைகலப்பு. என் தம்பி ஸ்டேஷனுக்குப் போய்ப் பணத்தைக் கட்டி, இவனைக் கையெழுத்துப் போடவைத்து, ஒரு மணி நேரத்தில் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். கோர்ட் வாசலையே மிதிக்கவில்லை. இது எப்படித் தண்டனை ஆகும்? ஏஜென்ட், “கிளியரன்ஸை இப்போது சேர்க்க வேண்டாம், குற்றம் பற்றிய கேள்விக்கு ‘இல்லை’ என்று போடுவோம்” என்கிறார். இன்னொருவர் பிரிட்டோரியாவில் ஆள் வைத்து அழித்துத் தருவதாக 15,000 ரேண்ட் கேட்கிறார். யாரை நம்புவது? அலுங்காமல் வளர்த்த பிள்ளை. எனக்கு இரவில் தூக்கமே இல்லை.

— ஒரு தாய், சாட்ஸ்வர்த்

பதில்:

உங்களுக்குத் தூக்கமில்லை, சரி. அவன் தூங்குகிறானா?

கடிதத்தை மூன்று முறை படித்தேன். நீங்கள் லீவு போட்டீர்கள், வரிசையில் நின்றீர்கள், போன் செய்தீர்கள். உங்கள் தம்பி பணம் கட்டினார். ஏஜென்ட் படிவம் நிரப்புகிறார். இப்போது எனக்குக் கடிதம் எழுதுவதும் நீங்கள்தான். 23 வயதுப் பையன் இந்தக் கதையில் செய்த ஒரே காரியம், “வந்து கைரேகை வைத்துவிட்டுப் போனான்.” போகிறபோக்கில் நீங்கள் எழுதிய வரி அது. எனக்கு அதைத் தாண்டி நகர முடியவில்லை. கைரேகையையும் உங்கள் விரலால் வைக்க முடிந்திருந்தால், அதையும் வைத்துவிட்டு அவனைத் தூங்க விட்டிருப்பீர்கள் இல்லையா?

இருங்கள், கோபப்படாதீர்கள். முதலில் சட்டத்தைச் சொல்கிறேன். பிறகு சண்டை போடுவோம்.

கோர்ட் வாசலை மிதிக்காமல் தண்டனை வருமா என்று கேட்கிறீர்கள். இந்த நாட்டில் வரும். உங்கள் தம்பி அன்றைக்குக் கட்டியதற்கு ‘அட்மிஷன் ஆஃப் கில்ட்’ என்று பெயர். குற்றத்தை ஒப்புக்கொண்டு கட்டுகிற அபராதம். 1977ஆம் வருடத்துக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு. கட்டிய காகிதம் மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போகும், அங்கே பதிவாகும், பதிவானால் கோர்ட்டில் நிறுத்தித் தீர்ப்புச் சொன்ன மாதிரியேதான். பார்க்கிங் அபராதம் கட்டுவதுபோல நினைத்துக் கட்டிவிட்டு, வேலைக்கோ விசாவுக்கோ கிளியரன்ஸ் கேட்கும் நாளில் தலையில் கைவைக்கிறவர்கள் இந்த நாட்டில் ஏராளம். எனக்கே இப்படி எத்தனையோ கடிதங்கள் வந்துவிட்டன. எல்லாவற்றிலும் ஒரு மாமாவோ சித்தப்பாவோ “சட்டென்று முடித்துவிட்டார்.”

இன்னொன்றும் யோசித்துப் பாருங்கள். அந்த இரவும் ஸ்டேஷனில் அவன் பத்து விரலையும் மை தொட்டுப் பதித்திருப்பான். அந்தத் தாள் போலீஸின் குற்றப் பதிவு மையம் இருக்கும் பிரிட்டோரியாவுக்குப் போயிருக்கும். இப்போது நீங்கள் வரிசையில் நின்று வாங்கித் தந்த இடத்தில் மறுபடி அதே பத்து விரல். அதுவும் அதே பிரிட்டோரியாவுக்கு. இரண்டும் ஒட்டிக்கொண்டன, அவ்வளவுதான். இதில் செய்வினையும் இல்லை, கிரகமும் இல்லை.

பிரிட்டோரியா ஆசாமியின் கதையை இரண்டே வரியில் முடித்துவிடலாம். பதிவை அழிக்கச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. தண்டனை கிடைத்து பத்து வருடம் போயிருக்க வேண்டும், அந்தப் பத்து வருடத்தில் வேறு குற்றத்துக்காக, அபராதம் கட்டும் வாய்ப்பில்லாத சிறைத்தண்டனை பெற்றிருக்கக் கூடாது, அபராதம் 20,000 ரேண்டைத் தாண்டியிருக்கக் கூடாது, நீதித்துறையின் தலைமை இயக்குநருக்கு விண்ணப்பிக்க வேண்டும். உங்கள் பையனுக்கு இரண்டு வருடம்தான் ஆகிறது. இடையில் எட்டு வருடத்தை 15,000 ரேண்டுக்கு விற்கிறேன் என்பவர் ஒன்று திருடர், இல்லையென்றால் லஞ்சம் கொடுத்த வழக்கில் உங்களையும் கூட இழுத்துக்கொண்டு போகப்போகிறவர்.

ஏஜென்ட் விஷயம்தான் பெரிசு. அவர் சொன்னதில் பாதி உண்மை, அதனால்தான் ஆபத்து. கனடாவின் ஸ்டூடண்ட் பெர்மிட்டுக்கு எல்லாரிடமும் முதலிலேயே போலீஸ் சர்டிபிகேட் கேட்பதில்லை. தேவைப்பட்டால் அதிகாரி பிறகு கேட்பார். ஆனால் படிவத்தில் ஒரு கேள்வி இருக்கிறது: எந்த நாட்டிலாவது குற்றம் செய்திருக்கிறீர்களா, கைதாகியிருக்கிறீர்களா, குற்றம் சாட்டப்பட்டிருக்கிறீர்களா, தண்டிக்கப்பட்டிருக்கிறீர்களா? நான்கையும் ஒரே மூச்சில் கேட்கிறார்கள். ‘இல்லை’ என்று போட்டு அது பொய்யென்று தெரிந்தால், தவறான தகவல் கொடுத்தவன் என்று ஐந்து வருடம் கனடா பக்கமே தலைவைக்க முடியாது. அந்தப் படிவத்தின் அடியில் ஏஜென்ட்டின் கையெழுத்தா இருக்கும்? உங்கள் பையனுடையது. போதாததற்குக் கனடாவும் விரலைக் கேட்கும். பெர்மிட்டுக்கு விண்ணப்பிக்கிறவன் கைரேகையும் படமும் கொடுத்தாக வேண்டும். அது மூன்றாவது முறை.

முதல் கையெழுத்தை உங்கள் தம்பி போடச்சொன்னார், படிக்காமல் போட்டான். இந்தக் கையெழுத்தை ஏஜென்ட் போடச்சொல்கிறார். அவன் படித்தானா? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு எழுத்தும் இல்லை.

இனி உங்கள் தம்பி. தாய்மாமன் என்றால் எனக்கும் மரியாதை உண்டு. காது குத்தும்போது மடியில் உட்காரவைத்தவர், தகப்பன் இல்லாத வீட்டில் ஆண்துணையாக நிற்பவர். நடுராத்திரி அக்கா அழுதுகொண்டு போன் செய்தால் எழுந்து ஓடுவதுதான் அவர் கடமை. ஓடினார், நல்லது. ஆனால் ஓடிப்போய் என்ன செய்தார்? பிள்ளையிடம் “நீ அடித்தாயா? யாரை? எதற்கு?” என்று கேட்டாரா? எதிரே இருந்தவனுக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தாரா? அந்த அடிபட்ட பையனுக்கும் ஒரு தாய் இருப்பாள். உங்கள் கடிதத்தில் அவன் வெறும் ‘கைகலப்பு’. பணத்தை எண்ணி வைத்துவிட்டு மருமகனை வீட்டுக்குக் கூட்டிவந்ததில் அவர் காப்பாற்றியது அன்றைய தூக்கத்தை மட்டும்தான். விடியும்வரை ஸ்டேஷனில் உட்காரவிட்டு, ஒரு வக்கீலைக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லியிருந்தால், இன்றைக்கு என் மேஜையில் உங்கள் கடிதம் இருந்திருக்காது.

நான் பழைய காலத்து ஆள். குடும்பம் என்றால் ஒருவர் சுமையை இன்னொருவர் தூக்குவதுதான் என்று இன்னும் நம்புகிறேன். ஆனால் யார் சுமையை யார் தூக்குகிறார்கள் என்று ஒரு கணக்கு வேண்டாமா? 23 வயதில் உங்கள் கணவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று உங்களுக்குத் தெரியும். அவன் உங்கள் சுமையில் பாதியை எடுத்துக்கொள்கிற வயது இது. ஒரு நாள் சம்பளத்தை விட்டு நீங்கள் வரிசையில் நிற்க, முறை வந்ததும் மாப்பிள்ளை மாதிரி வந்து விரலை நீட்டிவிட்டுப் போகிற பிள்ளையை நீங்கள் ‘அலுங்காமல் வளர்த்தேன்’ என்கிறீர்கள். அலுங்காமல் வளர்ந்தவன்தான் அந்த ராத்திரி கையை ஓங்கியிருக்கிறான். அதையும் மறந்துவிடாதீர்கள்.

டொரான்டோவிலோ வின்னிபெக்கிலோ மைனஸ் இருபதில் பஸ்ஸுக்கு நிற்கும்போது இவனுக்காக வரிசையில் யார் நிற்பார்கள்? வாடகை ஒப்பந்தத்தை யார் படித்துச் சொல்வார்கள்? முதல் வருடப் படிப்புக் கட்டணம் போக, ஒருவருடைய சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் மட்டும் 20,000 கனடா டாலருக்கு மேல் கையில் இருப்பதாகக் காட்டச் சொல்கிறார்கள். அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று நீங்கள் எழுதவில்லை. எழுதாததாலேயே எனக்குத் தெரிகிறது. வீட்டின் மேல் கடன்தானே?

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இதில் எதையும் நீங்கள் செய்யக்கூடாது.

அவன் போய் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் அந்த அபராதத்தின் பதிவைக் கேட்டு வாங்கட்டும். அதை எடுத்துக்கொண்டு ஒரு வக்கீலைப் பார்க்கட்டும். வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையென்றால் லீகல் எய்ட் என்ற இலவச சட்ட உதவி இருக்கிறது, ஹோவர்ட் காலேஜ் வளாகத்தில் குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் சட்ட உதவி மையம் இருக்கிறது. விளைவு தெரியாமல் ஒப்புக்கொண்டு கட்டிய அபராதங்களை இந்த நாட்டு உயர்நீதிமன்றங்கள் ரத்து செய்திருக்கின்றன. ஆனால் அதற்கு அவன் சத்தியம் செய்து எழுதித் தர வேண்டும்: அந்த ராத்திரி என்ன நடந்தது, யார் என்ன சொன்னார்கள், அவனுக்கு என்ன புரிந்தது, என்ன புரியவில்லை. போலீஸ்காரர் எல்லாவற்றையும் சொல்லியும் இவன் காதில் வாங்கவில்லை என்றால், அதைத்தான் எழுத வேண்டும். உங்கள் தம்பியும் தன் பங்குக்கு எழுதித் தரட்டும். அபராதம் ரத்தானால் வழக்கு அத்தோடு ஒழிந்துபோகும் என்றும் நினைக்காதீர்கள். பழைய குற்றச்சாட்டு மறுபடி எழுந்து கோர்ட்டில் நின்று பதில் சொல்ல வேண்டியும் வரலாம். வந்தால் நிற்கட்டும். இரண்டு வருடம் முன்பே நின்றிருக்க வேண்டியவன்தான்.

ரத்தானாலும் ஆகாவிட்டாலும் கனடாப் படிவத்தில் அந்தக் கேள்விக்கு ‘ஆம்’தான். கைதானதையும் கேட்கிறார்களே. ‘ஆம்’ என்று போட்டு, நடந்ததைத் தன் வார்த்தையில் எழுதி, கோர்ட் காகிதங்களை இணைக்க வேண்டும். தண்டனை அப்படியே நின்றால், அது தங்கள் சட்டப்படி எந்த அளவுக் குற்றம் என்று கனடாக்காரர்கள் எடைபோடுவார்கள். அசால்ட்டை அவர்கள் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. திருந்தியவன் என்று ஏற்றுக்கொள்ளும்படி கேட்பதற்கும் அபராதம் கட்டி ஐந்து வருடம் ஆகியிருக்க வேண்டும். அதனால் இந்த வருட இடம் கைவிட்டுப் போகலாம், அதற்கு மேலும் தள்ளிப்போகலாம். போனால் போகட்டும். இங்கேயே டர்பனில் படிப்பு இல்லையா? கனடா போகிறவர்கள் மட்டும்தான் பிள்ளை என்று எந்தக் கோவிலில் சொன்னார்கள்?

அந்த ஏஜென்ட்டிடம் கொடுத்த பாஸ்போர்ட்டையும் காகிதங்களையும் இந்த வாரமே திரும்ப வாங்குங்கள். ‘வாங்குங்கள்’ என்று எனக்கே வாய் தவறிவிட்டது. அவன் போய் வாங்கட்டும்.

நீங்கள் செய்ய ஒன்றே ஒன்று இருக்கிறது. இன்றைக்கு ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அந்த சர்டிபிகேட்டை அவன் முன்னால் வைத்து, அவன் வாயாலேயே சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். நடுவில் நீங்கள் பேசாதீர்கள். தம்பிக்குப் போன் செய்யாதீர்கள். படித்து முடித்ததும் அவன் “இப்போ என்னம்மா பண்றது?” என்று கேட்பான். “தெரியாது” என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுங்கள்.

இனி இதைப் பற்றி எனக்கு நீங்கள் எழுத வேண்டாம். அவன் எழுதட்டும். தமிழ் எழுத வராது என்பீர்கள். இங்கிலீஷில் எழுதட்டும், எனக்குப் படிக்கத் தெரியும்.