ஜீப்புக்குக் கை ஆக்சிலேட்டர்: வின்ச்சுக்கு மட்டும்னா போடுங்க

பர்கூர் மலைத் தோட்டத்துல வண்டிய நிறுத்தி வின்ச் (கம்பிக் கயித்தைச் சுத்திப் பாரம் இழுக்கற மோட்டார்) இழுக்க, பழைய மஹிந்திரா எம்எம் 540 ஜீப்புக்குக் கை ஆக்சிலேட்டர் போடலாமான்னு கேட்டிருந்தீங்க. தாராளமாப் போடலாமுங்க, கையால வெச்ச வேகத்துலயே இஞ்சினை ஓட விடற, டிராக்டர்ல இருக்கற அதே சங்கதிதான். உங்க டீசல் பம்ப் மெக்கானிக்கல், கேபிள் இழுத்தாப் போதும். எலக்ட்ரானிக் பெடல் வெச்ச புது வண்டிக்கு இந்த வேலை ஆகாது.

பம்ப் லீவர்ல நீளத் தொளை போட்ட பட்டை ஒண்ணு வெச்சு அதுல கேபிளை மாட்டுங்க. அப்பத்தான் காலால மிதிக்கறப்ப கேபிள் குறுக்க நிக்காது. ஐடில்ல (ஆக்சிலேட்டர் தொடாம இஞ்சின் ஓடறப்ப) கேபிள்ல 2, 3 மி.மீ. தொய்வு இருக்கோணும். லீவரைத் திரும்ப இழுக்கற பழைய ரிட்டர்ன் ஸ்பிரிங்கக் கழட்டீராதீங்க.

எனக்கு மெக்கானிக் கேபிளை சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (இஞ்சின்ல புகை வெளிய வர்ற குழாய்) ஒட்டியே கொண்டு போயிட்டாப்ல. உறை உருகி, உள்கம்பி பிடிச்சு, இஞ்சின் கத்து கத்துன்னு கத்துச்சு. ஸ்டாப் கேபிளை இழுத்துத்தான் அணைச்சேன். அதனால அந்த ஸ்டாப் கேபிள் ஒழுங்கா வேலை செய்யுதான்னு முதல்ல பாருங்க.

வின்ச்சுக்கு 1,200லிருந்து 1,500 ஆர்பிஎம் போதும், பேட்டரி தாங்கும். நியூட்ரல், ஹேண்ட் பிரேக், சக்கரத்துக்குக் கல்லு, மூணும் கட்டாயமுங்க. ரோட்டுல போறப்ப மட்டும் கை ஆக்சிலேட்டரைத் தொடாதீங்க, பிரேக் மிதிச்சாலும் அது தானா இறங்காது.