மனநல மாத்திரைகளும் வீட்டு நடைமுறையும்: கேள்வி பதில்

நெல்லிக்குப்பம்: இருதுருவ நோய்க்கு (அதீத உற்சாகமும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் பைபோலார் நோய்) லித்தியம் சாப்பிடறேன். கந்த சஷ்டிக்கு ஆறு நாளும் விரதம் இருக்கலாமா?

பட்டினி விரதமும் உப்பில்லா விரதமும் வேண்டாம். உடம்பில் உப்பும் தண்ணீரும் குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். ரத்தத்தில் லித்தியம் அளவை பொதுவாக லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை வைத்திருப்பார்கள்; 1.5-ஐத் தாண்டினால் ஆபத்து. கத்திரி வெயிலும் வயிற்றுப்போக்கும் இதையே செய்யும். மூட்டுவலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் மாத்திரைகளும் அளவை ஏற்றும்; பாராசிட்டமால் பரவாயில்லை. கை பலமாக நடுங்கி, வாந்தி வந்து, நடை தள்ளாடி, பேச்சு குழறினால் அடுத்த மாத்திரையைப் போடாமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

லித்தியம் அளவைப் பார்க்கும் பரிசோதனைக்கு ரத்தம் கொடுப்பது கடைசி மாத்திரைக்கு 12 மணி நேரம் கழித்து. இரவு 9 மணிக்குப் போட்டால் காலை 9 மணிக்கு. காலை மாத்திரையைப் போட்டுவிட்டுப் போனால் அளவு கூடுதலாகத்தான் காட்டும்.

வில்லியனூர்: பையனுக்குத் தெரியாம மாத்திரையைச் சாம்பார்ல கலந்து குடுக்கறேன். தப்பா?

கஷ்டம் புரிகிறது, ஆனாலும் நிறுத்துங்கள் அம்மா. பாதிச் சோற்றில் எழுந்தால் பாதி மருந்துதான் உள்ளே போகும். 'சாப்பாட்டில் ஏதோ கலக்கிறார்கள்' என்பதுதான் பலருக்கு வரும் சந்தேகமே. அதை நாமே நிஜமாக்கக் கூடாது. ஏன் வேண்டாம் என்கிறான் என்று கேளுங்கள். தூக்கம், எடை, எச்சில் வடிவது, கால் ஒரு இடத்தில் நிற்காத தவிப்பு, சொல்லக் கூச்சப்படும் பாலியல் குறை என ஏதாவது இருக்கும். எல்லாவற்றுக்கும் வழி உண்டு: வேளையை மாற்றலாம், அளவைக் குறைக்கலாம், மருந்தையே மாற்றலாம், மாதம் ஒருமுறை ஊசியும் போடலாம். டாக்டரிடம் அவனே பேசட்டும்.

பண்ருட்டி: ஊருக்குப் போனதுல மனச்சிதைவு நோய்க்கான க்ளோசபின் மாத்திரை மூணு நாள் விட்டுப்போச்சு. இன்னிக்கு மொத்தமா போட்டுக்கலாமா?

கூடாது. 48 மணி நேரத்துக்கு மேல் விட்டால் பழைய அளவு மயக்கம் போட்டு விழ வைக்கும். 12.5 மில்லிகிராமிலிருந்து ஏற்ற வேண்டும். இன்றே டாக்டரைக் கேளுங்கள். சிகரெட்டைத் திடீரென நிறுத்தினாலும் ரத்தத்தில் இந்த மருந்தின் அளவு ஏறும், அதையும் சொல்லுங்கள்.

அரியாங்குப்பம்: நோய் திரும்ப வருதுன்னு எனக்கே எப்படித் தெரியும்?

போன தடவை முதல் இரண்டு வாரத்தில் என்ன மாறியது என்று வீட்டாரோடு உட்கார்ந்து எழுதுங்கள். பெரும்பாலும் தூக்கம்தான் முதலில் போகும். 'இரண்டு ராத்திரி நாலு மணி நேரத்துக்குக் கீழே தூங்கினால் டாக்டருக்குப் போன்' என்று எண்ணோடு எழுதினால்தான் பயன்; 'கவனமாக இருப்பேன்' என்று எழுதுவது வீண். முடியாத நேரத்தில் உங்களுக்காகப் பேச யாரை நம்புகிறீர்கள் என்பதையும் இப்போதே முடிவுசெய்யுங்கள். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி அவர் பெயரை வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்தோ கைரேகையோ வைத்தால் போதும். நடுராத்திரியில் யாரும் கிடைக்காவிட்டால் அரசின் மனநல உதவி எண் (டெலி-மானஸ்) 14416-க்கு அடியுங்கள். தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.