வலியே உணராத குழந்தை பிறக்குமா?

பிறக்கும், மிக அரிதாக. கருவில் உணர்வு நரம்பு செல்கள் தேவைக்கு மேலேயே உருவாகின்றன. வலியறியும் செல்லின் இழை தோலை எட்டியதும், அங்கே சுரக்கும் என்ஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணியைப் பிடிக்க வேண்டும். அந்தச் சேதி இழை வழியே உட்கருவுக்குப் போய்ச் சேர்ந்தால்தான் செல் பிழைக்கும். இல்லையேல் தானே மடிந்துவிடும். இப்படிப் பிறக்கும் குழந்தைகள் சிலரிடம் என்ஜிஎஃப் இருக்கிறது. அதைப் பிடிக்கும் டிரக்-ஏ ஏற்பியில்தான் கோளாறு. அதனால் வலி, சூடு தெரியாது. வியர்க்கவும் வியர்க்காது (அந்த நரம்புகளும் என்ஜிஎஃபை நம்பியவையே). தசையின் நிலையை அறியும் செல்களுக்கோ என்டி-3 என்ற வேறு காரணி; அதனால் அவை பிழைத்துவிடும்.

என்ஜிஎஃபைக் கண்டறிந்த ரீட்டா லெவி-மொண்டால்சினி, ஸ்டான்லி கோஹன் இருவருக்கும் 1986இல் நோபல் கிடைத்தது. போர்க்காலத்தில் ரீட்டாவுக்கு ஆய்வுக்கூடம் படுக்கையறைதான்; ஆய்வுப்பொருள் கோழிக்கரு!