ஸ்டார்ட்அப்புக்கு மென்பொருள் செய்து தரும் கூட்டாளி நிறுவனத்தை எப்படி எடைபோடுவது?

அவுட்சோர்சிங் என்றால் கூலி வாங்கிக்கொண்டு ஆப் செய்து தருவது. வென்ச்சர் பில்டர் உங்கள் நிறுவனத்தில் பங்கும் எடுத்து, கூடவே தொழிலைக் கட்டும். கோவை அருகே சோமனூர்ப் பக்கம் தறிக்காரருக்குப் பாவு நூல் கொடுத்து மீட்டருக்குக் கூலி பேசுவது முதல் வகை. விளைச்சலில் பங்கு பேசித் தோட்டத்தை வாரத்துக்கு விடுவது இரண்டாம் வகை. முழுக் கூலியும் பங்கும் சேர்த்துக் கேட்டால், பங்குக்கு ஈடாகக் கூலியில் எவ்வளவு குறைப்பீர்கள் என்று நேராகவே கேளுங்கள்.

நான் முதலில் பார்ப்பது சோர்ஸ் கோடு, அதாவது ஆப்புக்காக எழுதிய நிரல், யாருக்குச் சொந்தம் என்பதைத்தான். தறிக்கூலி கொடுத்தால் துணி நம்முடையது. இங்கே அப்படியில்லை. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, வெளி நிறுவனம் எழுதிய கோடுக்கு முதல் உரிமை பொதுவாக அவர்களுக்கே. எழுத்தில் மாற்றித் தந்தால்தான் உங்களுக்கு வரும். அதில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். கோவையில் செய்து வளைகுடாவில் விற்க நினைப்பவருக்கு இது பெரிய அடி.

அப்புறம், கோடைச் சேமித்து வைக்கும் கிட்ஹப் தளத்தின் கணக்கும், சர்வர் கணக்கும் முதல் நாளே உங்கள் பெயரில் இருக்கட்டும். அவர்களை விட்டுப் பிரிந்த பழைய வாடிக்கையாளர் ஒருவரிடமாவது பேசிவிடுங்கள்.

என்டிஏ என்னும் ரகசியக் காப்பு ஒப்பந்தம் கையெழுத்தானால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது ரகசியத்தைத்தான் காக்கும், உரிமையைத் தராது.