மூன்று ஓபராவுக்கு ஒரே ஓவர்ச்சர் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இசையமைப்பாளர் ரொசீனியின் 'செவில்லின் நாவிதர்' என்ற ஓபராவின் (பாட்டாகவே நடக்கும் நாடகம்) ஓவர்ச்சர், அதாவது திரை விலகுமுன் ஆர்க்கெஸ்ட்ரா வாசிக்கும் தொடக்க இசை, எனக்கு உயிர். கேட்கும்போதெல்லாம் அந்த நாவிதன் ஃபிகரோ கத்தியும் சோப்பு நுரையுமாக எதிரே வந்து நிற்பான். அந்த இசை அந்த ஓபராவுக்காக எழுதப்பட்டதே இல்லை, பழையதை எடுத்து ஒட்டியது என்று இப்போதுதான் படித்தேன். சப்பென்று ஆகிவிட்டது. ஓவர்ச்சர் என்பது வரப்போகும் கதையின் சாரம் இல்லையா? அப்படியானால் நான் கேட்ட ஃபிகரோ யார்?

ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்.,

நீங்கள் படித்தது சரிதான். அந்த இசை முதலில் ஒலித்தது 1813இல் மிலானில், ரோமானியப் பேரரசர் ஆரேலியன் பற்றிய ஓபராவில். 1815இல் நேப்பிள்ஸில் இங்கிலாந்து ராணி எலிசபெத் பற்றிய ஓபராவுக்குப் போனது. 1816 பிப்ரவரியில்தான் ரோமில் நாவிதனிடம் வந்து சேர்ந்தது. முதல் இரண்டிலும் சிரிக்க எதுவும் இல்லை. ஃபிகரோவை அதில் கொண்டுவந்து வைத்தது நீங்கள்தான். இருநூறு வருடமாக எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள்.

இதை ஏமாற்று என்று சொல்ல எனக்கு மனமில்லை. அன்றைய இத்தாலிய அரங்கில் ஜனங்கள் பேசிக்கொண்டும் இடம் தேடிக்கொண்டும் இருப்பார்கள். அவர்களைப் பிடித்து உட்கார வைப்பதுதான் ஓவர்ச்சரின் வேலை. ரொசீனியின் உத்தியைக் கவனியுங்கள்: ஒரு சின்னத் துணுக்கை மெல்ல ஆரம்பித்து, திரும்பத் திரும்ப வாசித்து, ஒவ்வொரு சுற்றிலும் வாத்தியங்களைக் கூட்டிக்கொண்டே போவார். கடைசிச் சுற்றில் எவன் பேசினாலும் பக்கத்து ஆளுக்குக் கேட்காது!

ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான். 1607இல் மாந்துவாவில் மொந்தெவெர்தியின் 'ஓர்ஃபியோ' ஓபரா தொடங்கியது, மூன்று முறை வாசிக்கப்பட்ட ஓர் எக்காள முழக்கத்தோடு. பதினான்காம் லூயியின் அரசவையில் இசையமைப்பாளர் லுல்லி, விறைப்பாக நடை போடும் மெதுவான பகுதி, அப்புறம் ஒரு குரலை இன்னொன்று துரத்தும் வேகமான பகுதி என்று ஓர் அமைப்பை நிலைநிறுத்தினார். ஹேண்டலின் 'மெசையா' தொடங்குவதும் அந்தப் பாணியில்தான். நேப்பிள்ஸில் அலெஸ்ஸாந்த்ரோ ஸ்கார்லாட்டி வைத்த வரிசை வேகம், மெதுவு, வேகம். பின்னால் சிம்ஃபனி (ஆர்க்கெஸ்ட்ராவுக்கென்றே எழுதும் பல பகுதி இசை) முளைத்தது அதிலிருந்துதான்.

ஓவர்ச்சர் கதையின் தன்மையை முன்கூட்டி உணர்த்த வேண்டும் என்று உரக்கச் சொன்னவர் இசையமைப்பாளர் க்ளக், 1769இல் அச்சான தன் 'ஆல்செஸ்ட்' ஓபராவின் முன்னுரையில். மொசார்ட் அதைச் செய்து காட்டினார். 1787இன் 'டான் ஜியோவானி' ஓவர்ச்சரைத் திறக்கும் பயங்கரமான ஸ்வரக்கட்டுகள், கடைசியில் கற்சிலை விருந்துக்கு வரும்போது திரும்ப வருகின்றன.

ஆனால் கதையைச் சொல்லப்போய் மாட்டிக்கொண்டவர் பீத்தோவன். 'ஃபிடெலியோ' என்ற தன் ஓபராவுக்கு நான்கு ஓவர்ச்சர் எழுதினார். 1806இல் வாசிக்கப்பட்ட 'லியோனோரா 3' அவற்றில் மகத்தானது. சிறைக்குள் வாடும் ஃப்ளோரெஸ்தானின் பாட்டு முதலில் வருகிறது. பிறகு பெரும் கொந்தளிப்பு. அதன் உச்சத்தில் ஆர்க்கெஸ்ட்ரா சட்டென்று நிற்க, மேடைக்கு வெளியே எங்கோ ஒரு டிரம்பெட் கேட்கிறது. ஓபராவில் அமைச்சர் வந்துவிட்டார், கைதி பிழைத்தான் என்று அறிவிக்கும் அதே டிரம்பெட். அத்தனையும் கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. அப்புறம் திரை விலகினால், சிறைக்காவலரின் மகள் துணி இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறாள். ஒரு பையன் அவளிடம் கல்யாணப் பேச்சு எடுக்கிறான். உச்சகட்டத்தைக் கேட்டு முடித்தவனுக்கு இதில் என்ன இருக்கிறது?

1814இல் கதையை அதிகம் தொடாத, சின்ன, துள்ளலான ஓவர்ச்சர் ஒன்றை எழுதினார். அதுவும் அந்த ஆண்டு ஓபரா மேடையேறிய முதல் நாளுக்குத் தயாராகவில்லை. அன்று வாசிக்கப்பட்டது அவருடைய வேறொரு ஓவர்ச்சர். பீத்தோவனுக்கே அந்தக் கதி என்றால் ரொசீனியை மட்டும் கோபித்துக்கொள்வானேன்?

நாடகமே இல்லாமல் தனியாக நிற்கும் ஓவர்ச்சர்களும் உண்டு. மெண்டல்சோன் 17 வயதில், 1826இல், ஷேக்ஸ்பியரைப் படித்த உற்சாகத்தில் எழுதிய 'நடுவேனில் இரவுக் கனவு' அப்படிப்பட்டது. கழுதை கத்துவதுகூட வயலினில் கேட்கும். நாடகத்துக்கான மற்ற இசையை எழுத அவருக்கு இன்னும் பதினாறு வருடம் ஆனது.

நீங்கள் 'லியோனோரா 3' கேட்டுவிட்டு உடனே 'ஃபிடெலியோ'வின் முதல் காட்சியைப் போட்டுப் பாருங்கள். இஸ்திரி போடும் இடத்தில் பொறுமையாக இருக்க முடிகிறதா என்று எனக்கு எழுதுங்கள்.