தோற்றவர் பெயரும் இருக்கட்டும்

அன்புள்ள ஐயா,

யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவை மொழிபெயர்ப்பில் படிக்கத் தொடங்கினேன். முதல் வரியே, ஷெமா என்ற பிரார்த்தனையை மாலையில் எப்போதிலிருந்து சொல்லலாம் என்ற கேள்வி. எதுவரை சொல்லலாம் என்பதற்கு மூன்று தரப்பு மூன்று பதில். வாய்மொழியாகவே இருந்ததால் வந்த குழப்பமா? முன்பே எழுதிவைத்திருந்தால் ஒரே முடிவு கிடைத்திருக்குமே? எந்த மொழிபெயர்ப்பு நல்லது?

ச.

அன்புள்ள ச.,

கையில் இருக்கும் மொழிபெயர்ப்பையே படியுங்கள். நல்ல பதிப்பைத் தேடித் தேடியே படிக்காமல் போனவர்கள் நிறைய.

வாய்மொழி என்றால் குழப்பம் என்று யார் சொன்னது? அந்த யூத அறிஞர்கள் எழுதத் தெரியாதவர்களா? அவர்களுடைய வேதமான தோராவின் சுருளில் ஓர் எழுத்து சிதைந்தாலும், திருத்தும்வரை அதைச் சபையில் வாசிக்கமாட்டார்கள். வாய்மொழிச் சட்டத்தை மட்டும் எழுத்தில் வைக்காதே என்று மிஷ்னாவுக்குப் பின் வந்த விளக்க நூலான தல்மூத் சொல்கிறது. தெரிந்தே எடுத்த முடிவு அது. கி.பி. 200 வாக்கில் மிஷ்னாவைத் தொகுத்த யூதா ஹநாசி அதை எழுதினாரா, மனப்பாடமாகவே விட்டாரா என்று ஆய்வாளர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள். கிட்டத்தட்ட உங்கள் கேள்வியைத்தான் பத்தாம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்காவின் கைருவான் நகரத்து யூதர்கள் பாபிலோனியாவுக்குக் கடிதமாக அனுப்பினார்கள். அங்கிருந்த யூதக் கல்விக்கூடத் தலைவர் ஷெரீரா காவோன் எழுதிய பதில் ஒரு நூலாகவே நீண்டது. பயப்படாதீர்கள், நான் அவ்வளவு எழுதப் போவதில்லை.

மனப்பாடத்தை அவர்கள் தலையில் தூக்கிவைத்து ஆடவும் இல்லை. ஏராளமாக மனப்பாடம் செய்திருந்த ஒருவர் இறந்தபோது, அவரைப் பற்றி என்ன சொல்ல, புத்தகம் நிறைந்த கூடை ஒன்று போய்விட்டது என்றாராம் ரவ் நஹ்மான் என்ற தல்மூத் கால அறிஞர். சாவு வீட்டிலும் கிண்டல்!

மிஷ்னாவின் அதே முதல் பத்தியில், கமாலியேல் என்ற ரப்பியின், அதாவது யூத மதகுருவின், பிள்ளைகள் விருந்து முடிந்து அகாலத்தில் வீடு திரும்பி, ஷெமா சொல்லவில்லையே என்று அப்பா முன் நிற்கிறார்கள். இன்னும் விடியவில்லை என்றால் சொல்லியாக வேண்டும் என்கிறார் அவர். இவர் கிறிஸ்தவ அப்போஸ்தலர் பவுலின் ஆசிரியரான கமாலியேலின் பேரன். இவ்வளவு உயிரோடு இருக்கும் பக்கத்தில் உங்கள் கண்ணில் பட்டது குழப்பம் மட்டும்தானா?

ஒரே முடிவு வேண்டும் என்கிறீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. பெரும்பான்மை சொல்வதே சட்டம் என்றான பிறகு, தோற்றவரின் கருத்தை எதற்குச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்? மிஷ்னாவிலேயே ஏதுயோத் என்ற பகுதி இதை நேராகவே கேட்கிறது. பின்னால் வரும் ஒரு நீதிமன்றம் அந்தத் தனி ஒருவரின் கருத்தைச் சரி என்று கண்டால், பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும் அல்லவா என்பது பதில். இன்று தோற்றவர் நாளை ஜெயிக்கலாம், அதனால் பெயரோடு வைத்திரு என்கிறார்கள். முடிவை மட்டும் எழுதிவைத்திருந்தால் ஷெமா பற்றிய அந்த மூன்று தரப்பில் ஒருவரான எலியேசர் சொன்னது நமக்கு எப்படித் தெரியும்?

ரப்பி யூதாவுக்கு (தொகுத்த யூதா ஹநாசி அல்ல, இவர் வேறொருவர்) அந்தப் பதில் போதவில்லை. எனக்கு இப்படித்தான் சொல்லித்தந்தார்கள் என்று நாளை ஒருவன் வந்து நின்றால், நீ கேட்டது இன்னாருடைய கருத்து என்று சொல்லத்தான் அதை வைத்திருக்கிறோம் என்கிறார். கருத்து வேறுபாட்டை ஏன் காக்க வேண்டும் என்பதிலேயே கருத்து வேறுபாடு! இரண்டையும் அடுத்தடுத்து வைத்திருக்கிறார்கள். ஏதுயோத், முதல் அத்தியாயம். படித்துவிட்டு, யார் பக்கம் என்று எழுதுங்கள்.