புது பூட்ஸ் ஏன் திரும்பி வந்தது?

துப்பறியும் கதைகள் குறித்து வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே விவாதத்தைச் சுற்றியே இருந்தன: ஷெர்லாக் ஹோம்ஸும் அகதா கிறிஸ்டியும் இன்றும் நிற்கிறார்களா, அல்லது புதிய தொடர்களும் படங்களும் அவர்களைத் தாண்டிவிட்டனவா? பதில்களில் தடயங்களை விரிவாகச் சொல்லியிருக்கிறோம். குற்றவாளியின் பெயர் எங்கும் இல்லை; பயப்படாமல் படிக்கலாம்.

‘பாஸ்கர்வில்ஸ்’ நாவலை இப்போதுதான் படித்தேன். டிவியில் பார்த்த வேகம் புத்தகத்தில் இல்லையே? பழைய கதைகளைக் காலம் தின்றுவிட்டதா?
– மதுரை வாசகர்

வேகம் குறைவுதான். 15 அத்தியாயங்கள் கொண்ட நாவலில் நடுப்பகுதி முழுக்க ஹோம்ஸ் கண்ணிலேயே படமாட்டார். அவருடைய நண்பர் வாட்சன்தான் கடிதமும் நாட்குறிப்பும் எழுதிக்கொண்டிருப்பார். ஆனால் காலம் தின்பது குதிரை வண்டியையும் தந்தியையும்தான். தடயத்திலிருந்து முடிவுக்குப் போகும் வழி சரியாக அமைந்திருந்தால் அதற்கு வயதாவதில்லை. இந்த நாவலிலேயே அதற்கு அருமையான உதாரணம் இருக்கிறது.

லண்டன் ஹோட்டலில் தங்கியிருக்கும் பாஸ்கர்வில் குடும்ப வாரிசு சர் ஹென்றியின் புத்தம் புதிய பழுப்பு பூட்ஸில் ஒன்று காணாமல் போகிறது. ஒருமுறைகூட அவர் காலில் போடாத பூட்ஸ் அது. அடுத்து, பல நாள் போட்டுத் தேய்ந்த கறுப்பு பூட்ஸில் ஒன்று போகிறது. அதோடு, தொலைந்த பழுப்பு பூட்ஸ் அவர் அறையிலேயே ஓர் அலமாரிக்கு அடியில் கிடைக்கிறது. திருடனுக்குப் புதுசு வேண்டாம், பழசுதான் வேண்டும். ஏன்? போடாத பூட்ஸில் அவர் உடம்பு வாசனை இருக்காது. வாசனை யாருக்குத் தேவை? நாய்க்கு. அப்படியானால் அவர் குடும்பத்தைத் துரத்துவதாகச் சொல்லப்படும், சதுப்பு நிலத்தில் அலையும் நாய் பேயல்ல, மோப்பம் பிடிக்கும் உண்மையான நாய். ஹோம்ஸ் லண்டனை விட்டுக் கிளம்பும் முன்பே தெரிந்துகொள்ளக்கூடிய விஷயம் இது; வாசகருக்கும் அதே நேரத்தில் அதே தகவல் கையில் இருக்கிறது.

1959-ல் ஹாமர் நிறுவனம் எடுத்த படத்தில் (பீட்டர் குஷிங்தான் ஹோம்ஸ்) பூட்ஸ் தொலைகிறது. ஆனால் அந்தக் காட்சியில் மனதில் நிற்பது இன்னொரு பூட்ஸிலிருந்து ஊர்ந்து வரும் டாரன்டுலா சிலந்திதான். பயம் கிடைத்தது, யோசிக்க வைத்த தடயம் பின்னால் போய்விட்டது. பி.பி.சி.யின் ‘ஷெர்லாக்’ தொடரில் வந்த 2012 அத்தியாயம் வேறு வழியில் போனது. பாஸ்கர்வில் ஒரு ராணுவ ஆராய்ச்சிக்கூடம்; நாயைப் பார்த்ததாகச் சொல்பவர்களுக்கு மாயத்தோற்றம் வருகிறது. மருந்து சர்க்கரையில் இருக்கும் என்று சந்தேகித்து ஷெர்லாக் அதை வாட்சனின் காபியில் போட்டுச் சோதிக்கிறார். சர்க்கரையில் ஒன்றும் இல்லை. ஒரு சாத்தியத்தைக் கழித்த பிறகே பனிமூட்டத்தின் பக்கம் கவனம் திரும்புகிறது. கதையை முழுக்க மாற்றினாலும் இந்த இடத்தில் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கானன் டாயலின் முறையை விடவில்லை. அதே அத்தியாயத்தில், அமெரிக்காவில் லிபர்ட்டி என்றொரு ஊர் இருப்பது தெரிந்தால்தான் விடை கிடைக்கும் என்று வைத்தது மட்டும் பெரிய குறை. வீட்டில் உட்கார்ந்து பார்ப்பவர் அதை எப்படிக் கண்டுபிடிப்பார்?

கைபேசியும் லேப்டாப்பும் கொடுத்து ஹோம்ஸைக் கெடுத்துவிட்டார்கள் என்கிறார் என் அண்ணன். நான் ‘ஷெர்லாக்’ தொடரின் ரசிகை. தீர்ப்புச் சொல்லுங்கள்.
– திருச்சி வாசகி

முதல் அத்தியாயத்தை மட்டும் வைத்துச் சொன்னால், வழக்கு உங்கள் பக்கம்.

1890-ல் வந்த ‘தி சைன் ஆஃப் ஃபோர்’ நாவலில் வாட்சன் ஒரு பாக்கெட் கடிகாரத்தைக் கொடுத்து ஹோம்ஸைச் சோதிப்பார். சாவி கொடுக்கும் துளையைச் சுற்றி ஆயிரக்கணக்கான கீறல்கள்: நடுங்கும் கை, அதாவது குடிப்பழக்கம். மூடியின் உட்புறம் அடகுக்கடைக்காரர்கள் கீறிய எண்கள்: பணமுடை. இதை வைத்து வாட்சனின் அண்ணனுடைய வாழ்க்கையையே ஹோம்ஸ் சொல்லிவிடுவார். 2010 தொடரில் கடிகாரம் கைபேசியானது. சார்ஜர் செருகும் இடத்தைச் சுற்றிக் கீறல்கள். பொருள்தான் வேறு, தர்க்கம் அச்சு அசல் அதே. பின்னால் எழுதப்பட்ட ‘ஹாரி’ என்ற பெயரைப் பார்த்து அண்ணன் என்கிறார் ஷெர்லாக். ஹாரி என்பது ஹேரியட், வாட்சனின் சகோதரி. மூலத்தைக் கரைத்துக் குடித்தவர்களுக்கும் ஒரு அதிர்ச்சியை மிச்சம் வைத்தார்கள் தொடரை உருவாக்கிய ஸ்டீவன் மோஃபட்டும் மார்க் கேட்டிஸும்.

இன்னொன்று. 1887-ல் வந்த ‘எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்’ நாவலில் சுவரில் ரத்தத்தால் ‘ராஹெ’ என்று எழுதியிருக்கும். ‘ரேச்சல்’ என்று எழுத வந்து முடிக்கவில்லை என்பார் போலீஸ் அதிகாரி லெஸ்ட்ரேட். அது ‘பழி’ என்று பொருள்படும் ஜெர்மன் சொல் என்பார் ஹோம்ஸ். தொடரில் இதைத் தலைகீழாக்கினார்கள். ஜெர்மன் என்று சொல்பவர் தடயவியல் ஆள். ‘ரேச்சல்’தான் சரி என்கிறார் ஷெர்லாக். அதோடு விடாமல், அந்தப் பெயரே இறந்த பெண்ணின் கைபேசியைத் தேடிப் பிடிக்க உதவும் பாஸ்வேர்டாகிறது. தடயத்துக்கு ஒரு வேலையும் கொடுத்தாயிற்று.

உங்கள் அண்ணன் ஐரீன் அட்லரைப் பற்றிக் கேட்டால் அவரிடம் தோற்றுப்போவீர்கள். 1891-ல் வந்த ‘எ ஸ்கேண்டல் இன் பொஹீமியா’வில் அவர் ஹோம்ஸைத் தன் புத்தியால் ஜெயித்துவிட்டு, கணவரோடு ஊரைவிட்டே போய்விடுவார். 2012 அத்தியாயத்தில் அவருடைய கைபேசியின் ரகசியக் குறியீட்டை ஷெர்லாக் உடைக்கிறார், கடைசியில் கராச்சியில் உயிரையும் காப்பாற்றுகிறார். நூற்றுச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன் ஜெயித்த பெண்ணை நவீனத் தொடர் தோற்கடித்தது வருத்தமான விஷயம். இந்த இடத்தில் டாயல்தான் புதியவர்.

‘ஸ்பெக்கிள்ட் பேண்ட்’ கதையில் பாம்பு பால் குடிக்கிறது, விசில் சத்தத்துக்குத் திரும்பி வருகிறது. இதையா தலைசிறந்த கதை என்கிறார்கள்?
– தஞ்சாவூர் வாசகர்

உங்கள் ஆட்சேபம் நியாயம். பாம்புக்குப் பால் உணவல்ல. புற்றுக்குப் பால் ஊற்றும் நம் ஊரிலும் விலங்கியல் தெரிந்தவர்கள் இதைப் பலமுறை சொல்லியாயிற்று. பாம்புக்கு வெளிக்காது கிடையாது. தரை அதிர்வையும் தாழ்ந்த ஒலியையும் உணருமே தவிர, கூர்மையான விசிலுக்குப் பழக்க முடியாது. கடிபட்ட பத்து விநாடியில் உயிர் போவதும் நடக்காத காரியம். கதையில் சொல்லப்படும் ‘சதுப்பு விரியன்’ என்ற பாம்பும் இந்தியாவில் இல்லை.

இருந்தும் 1927-ல் டாயல் தனக்குப் பிடித்த 12 கதைகளை வரிசைப்படுத்தியபோது இதைத்தான் முதலில் வைத்தார். அறையைப் பாருங்கள், காரணம் புரியும். இழுத்தால் மணி அடிக்காத மணிக்கயிறு. வெளிக்காற்றுக்குத் திறக்காமல் பக்கத்து அறைக்குத் திறக்கும் காற்றுத்துளை. நகர்த்த முடியாதபடி தரையில் பிணைக்கப்பட்ட கட்டில். மூன்றும் தனித்தனியே அசட்டுத்தனமாகத் தெரியும்; சேர்த்துப் பார்த்தால் ஒரே ஒரு காரியத்துக்குத்தான் பயன்படும். விலங்கியல் தப்பு, கட்டுமானம் கச்சிதம். ஜெரமி பிரெட் ஹோம்ஸாக நடித்த கிரனடா டிவி தொடரின் 1984 அத்தியாயம் இந்த அறையை அவசரமில்லாமல் காட்டுகிறது.

கிறிஸ்டியின் ‘ரோஜர் ஆக்ராய்ட்’ நாவலை ஏன் யாராலும் சரியாகப் படமாக்க முடியவில்லை?
– யாழ்ப்பாண வாசகி

1926-ல் வந்த அந்த நாவலைத் துப்பறிவாளர் பொய்ரோவின் நண்பர் ஹேஸ்டிங்ஸ் சொல்லவில்லை. ஊர் மருத்துவர் ஷெப்பர்ட் சொல்கிறார். வாசகர் பார்ப்பதெல்லாம் அவர் எழுதியதை மட்டுமே. கேமரா அப்படி ஒருவர் வார்த்தைக்குள் அடங்கி நிற்காது. அறைக்குள் நுழைந்ததும் எல்லோரையும் வெளியிலிருந்து காட்டிவிடும். டேவிட் சுஷே பொய்ரோவாக நடித்த 2000-ஆம் ஆண்டு படத்தில், ஒரு நாட்குறிப்பைப் பொய்ரோ படிப்பதாகப் பின்னணிக் குரலில் சமாளித்தார்கள். எதிர்பார்த்த தாக்கம் வரவில்லை. இதற்கு மேல் விளக்கினால் படிக்காதவர்களுக்கு நஷ்டம். இந்த நாவலைப் புத்தகமாகவே படியுங்கள்.

‘அண்ட் தென் தேர் வேர் நன்’ கதைக்கு எத்தனை முடிவுகள்? படத்துக்குப் படம் மாறுகிறதே?
– கோவை வாசகர்

முக்கியமாக இரண்டு. 1939 நாவலில் தீவுக்குப் போன பத்துப் பேரில் ஒருவரும் மிஞ்சுவதில்லை. தலைப்பே அதைச் சொல்லிவிடுகிறது. நடந்தது என்ன என்பது கடைசியில் புட்டிக்குள் கிடைக்கும் ஒரு வாக்குமூலத்தால் தெரியவரும். மேடையில் இது எடுபடாது, கதையைச் சொல்ல ஆளே இருக்கமாட்டார்கள். எனவே 1943 நாடகத்துக்குக் கிறிஸ்டியே முடிவை மாற்றி இருவரைப் பிழைக்கவைத்தார். 1945-ல் ரெனே கிளேர் எடுத்த படம் நாடகத்தைப் பின்பற்றியது. அடுத்து வந்த ஆங்கிலப் படங்களும் அதே வழியில் போயின. நாவலின் முடிவுக்கு நேர்மையாக இருந்தவை 1987 சோவியத் படமும் 2015 பி.பி.சி. தொடரும். 2015-ல் வாக்குமூலத்தை எடுத்துவிட்டு, குற்றவாளியையே கடைசி ஆளின் எதிரில் கொண்டுவந்து பேசவைத்தார்கள். காகிதத்தில் இருந்ததைத் திரைக்கு மாற்ற அதைவிட நல்ல வழி இருப்பதாகத் தெரியவில்லை.

தமிழில் இதன் சாயலை எஸ். பாலசந்தரின் ‘நடு இரவில்’ (1970) படத்தில் பார்க்கலாம். தீவு மாளிகை, ஒவ்வொருவராக விழும் பிணங்கள் என்ற சட்டகம் அதேதான். ஆனால் கூடியிருப்பவர்கள் முன்பின் தெரியாதவர்கள் அல்ல, சொத்தை எதிர்பார்த்து வந்த உறவினர்கள். நம் குடும்பங்களுக்குப் பொருந்தும் மாற்றம்.

குற்றவாளியையே மாற்றிப் படமெடுப்பது சரியா?
– சென்னை வாசகர்

சரியில்லை. 2004 ஐ.டி.வி. ‘தி பாடி இன் தி லைப்ரரி’யிலும் 2018 பி.பி.சி. ‘ஆர்டீல் பை இன்னொசன்ஸ்’ தொடரிலும் அதைச் செய்தார்கள். கிறிஸ்டி தடயங்களை ஒரு ஆளுக்காகவே அளவெடுத்து வைத்திருப்பார். ஆளை மாற்றினால் பழைய தடயங்களில் பாதி அநாதையாகும், புதியவற்றை ஒட்டுப்போட வேண்டும். கிறிஸ்டியின் இன்னொரு துப்பறிவாளரான மிஸ் மார்ப்பிளாக ஜோன் ஹிக்சன் நடித்த பழைய தொடரின் 12 கதைகளையும் பார்த்துவிட்டு ஒப்பிடுங்கள்.

என் மகளுக்கு 14 வயது. புத்தகம் முதலா, தொடர் முதலா?
– சேலம் வாசகி

புத்தகம் முதல், அதுவும் நாவல் வேண்டாம், சிறுகதை. டாயலின் பல சிறுகதைகள் ஆங்கிலத்தில் 8,000 முதல் 10,000 சொற்களுக்குள் இருக்கும், ஒரே மூச்சில் முடிக்கலாம். கிரனடாவின் ஒரு மணி நேர அத்தியாயங்களுக்கு அந்த அளவு கச்சிதமாகப் பொருந்தியது. ஒன்றரை மணி நேரத் தொடர்களில் மீதி நேரத்தைத் துரத்தலும் குடும்பக் கதையும் நிரப்பும்.

1892-ல் வந்த ‘சில்வர் பிளேஸ்’ கதையில் தொடங்கலாம். பந்தயக் குதிரை காணாமல் போகிறது, பயிற்சியாளர் கொல்லப்படுகிறார். ஹோம்ஸ் விளக்கம் சொல்லத் தொடங்கும் பக்கத்துக்கு முன்னால் நிறுத்தச் சொல்லுங்கள். ஒரு தாளில் இவற்றை எழுதட்டும்: லாயக்காரப் பையனுக்கு அன்றிரவு வந்த மசாலா போட்ட ஆட்டுக்கறி, குரைக்காத நாய், இறந்தவர் கையிலிருந்த மெல்லிய அறுவைக் கத்தி, அவர் சட்டைப்பையில் இருந்த பெண்கள் உடைக்கான பில், நொண்டும் மூன்று ஆடுகள். அபின் பொடியின் சுவையை மறைக்க எந்தச் சாப்பாடு வசதி, அன்று என்ன சமைப்பது என்று முடிவு செய்யக்கூடியவர் யார் என்று கேளுங்கள். நம் வீட்டுப் பிள்ளைகள் மசாலாக் கேள்வியைச் சட்டென்று பிடித்துவிடுவார்கள். பதிலை எழுதிய பிறகு மீதிப் பக்கங்கள். மறுநாள் 1988 கிரனடா அத்தியாயத்தைப் போட்டு, தாளில் உள்ள ஐந்தில் எதெது திரையில் வந்தது என்று டிக் போடச் சொல்லுங்கள்.